உனக்குக் கிடைக்காத கதிரை

இன்று பின்னேரம் கந்தோரில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மழைக்கு எங்கேயோ மரம் விழுந்து லைன் அறுந்திருக்கிறதாம், டவுனில் பாதிக்குக் கரண்ட் இல்லை. என் மேசைக்குப் பின்னால் உள்ள ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்த மெஷின் நிற்கிறது. முதலில் இரண்டு தரம் இருமும், பிறகு உறுமும், அதற்குப் பிறகு டீசல் வாசம் மேலே ஏறி வரும். வாசம் மூக்கில் பட்டதும் என் இரண்டு கைகளும் தட்டச்சுப் பலகையை விட்டுத் தாமாக மேலே எழும்பின. பக்கத்து மேசையில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, கள்ளனைக் கண்டவர் மாதிரி ஏன் கையைத் தூக்குகிறீர்கள் என்று சிரித்தார். பழக்கம் என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை. விளக்கினால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னை ஒரு வேடிக்கைக் கதையாக அந்த இடத்தில் சொல்ல எனக்கு மனமில்லை.

நீ இருந்திருந்தால் வீட்டுக்கு வரும் வழியிலேயே இதைக் குரல் பதிவாக அனுப்பியிருப்பேன். நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "இழுக்காம செல்லுடி" என்று பதில் போட்டிருப்பாய். இப்போது வேகமாக ஓடவிட நீ இல்லை. அதனால் இழுத்தே எழுதப் போகிறேன்.

அந்தக் கணினி வகுப்பை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, துணிக்கடைக்கு மேல்மாடி, காற்று வராத இரண்டு அறை. நீ வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் ஹந்தானையிலிருந்து நடந்து இறங்குவேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வேலை. பாடசாலை முடித்த பிள்ளைகளுக்கு வேர்ட், எக்செல் சொல்லிக்கொடுப்பது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, வந்த நாளின் சம்பளமும் கேட்டால்தான். முதலாளி நம் இரண்டு பேரையும் "டீச்சர்மார்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அந்த மரியாதைக்குச் செலவில்லை.

உன்னிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. வின்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்று யாரோ கழித்துவிட்டது. நீதான் அதில் லினக்ஸைப் போட்டு ஓட வைத்தாய். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் எக்செல் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது நீ ஒரு மூலையில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்துவைத்து எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். எனக்கு அது சும்மா பொழுதுபோக்காகத் தெரிந்தது. சமையல் வீடியோ பார்ப்பதைவிட இது என்ன பெரிய சுகம் என்று கூடக் கேட்டிருக்கிறேன். "இது எனக்கு எதிர்த்துப் பேசுது, வீடியோ பேசாதுதானே" என்றாய்.

பிறகு அந்தக் கம்பனி டவுனில் கந்தோர் திறந்தது. வெளிநாட்டுக் கடைகளின் இணையத்தளங்கள் ஓடுகிற சேர்வர்களை இங்கிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. லினக்ஸ் அடிப்படை தெரிந்தவர்கள் தேவை என்று போட்டிருந்தார்கள். நீதான் விளம்பரத்தைக் கண்டாய், நீதான் இரண்டு பேருக்கும் விண்ணப்பம் அனுப்பினாய். எனக்கு ஒன்றும் தெரியாதே என்றதற்கு, நேர்முகத்துக்குத் துணைக்கு வா, போய்ப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வரலாம் என்றாய். அப்படித்தான் நான் அங்கே போனேன்.

நீ முதலில் உள்ளே போனாய். கதவு பாதி திறந்திருந்ததால் உன் குரல் வெளியே கேட்டது. கேட்டதற்கெல்லாம் நிறுத்தாமல் பதில் சொன்னாய். ஓர் இடத்தில் மனேஜர் கேட்ட கேள்வியிலேயே பிழை என்று சொல்லி, ஏன் பிழை என்பதையும் விளக்கினாய். எனக்கு வெளியே இருந்து பெருமையாக இருந்தது. பிறகு உள்ளே சத்தம் குறைந்தது. அவர் ஏதோ கேட்டார், நீ சுருக்கமாகச் சொன்னாய். திரும்பவும் கேட்டார், திரும்பவும் சுருக்கமாகச் சொன்னாய். வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒன்றுமில்லை. தலையில் இருந்த துணியின் ஊசியை மட்டும் கழற்றித் திரும்பக் குத்தினாய்.

என்னிடம் லினக்ஸ் தெரியுமா என்று கேட்டார்கள். கொஞ்சம் என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஹந்தானை என்றேன். கிட்டத்தானே என்று அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு சம்பளம் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். தோட்டத்துப் பிள்ளை பேரம் பேசாது என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு சரிதான். அம்மா அப்போதும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கி, காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். அவரை மலையிலிருந்து இறக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்த வேலைதான்.

பஸ் நிலையத்தில் வைத்துத்தான் நீ சொன்னாய். வேலை முடிய இருட்டிவிடும், எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டாராம். நானா வந்து கூட்டிப்போவார் என்று உன் அண்ணனைச் சொன்னாயாம். நானா வராத நாளில்? பஸ் இருக்கிறது என்றாயாம். வீட்டில் சம்மதிப்பார்களா, கலியாணம் பேசுகிறார்களா, செய்தால் விட்டுவிடுவீர்களா. அதற்குப் பிறகு லினக்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். மனேஜர் நம் பாஷை பேசுகிறவர்தான். தமிழில்தான் கேட்டார், மிகவும் அன்பாகக் கேட்டார்.

இரண்டு நாளில் எனக்குத்தான் தொலைபேசி வந்தது. அடுத்த மாத முதல் திங்கள் வரச் சொன்னார்கள். நான் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் வந்து நின்றபோது நீ கத்தினாய். வகுப்பில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கி அந்தக் கதிர கெடைக்கல்ல. நீயாவது போய் அதில ஒழுங்கா குந்தி இரி. ஒண்டும் தெரியாம போய் முழிச்சிட்டு நிண்டா எனக்கித்தான் வெக்கம்."

அப்படித் தொடங்கியதுதான் என் படிப்பு. அது அன்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீ எனக்கு அன்பாகச் சொல்லித்தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித்தந்தாய். அந்த அறையில் உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் என் வாயால் பதில் போக வேண்டும் என்று நினைத்தாய்.

அது கரண்ட் வெட்டிய காலம். நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, ஊரை எழுத்து எழுத்தாகப் பிரித்து நேரம் வைத்துக் கரண்டை நிறுத்தினார்கள். டவுன் ஒரு எழுத்து, உங்கள் வத்தேகம ஒரு எழுத்து, எங்கள் ஹந்தானை இன்னொரு எழுத்து. உன் மடிக்கணினியின் பற்றரி செத்து வெகுகாலம், வயரில் மட்டும்தான் ஓடும். அதனால் எங்கே கரண்ட் இருக்கிறதோ அங்கே நாம் போனோம். காலையில் வகுப்பு, பகலில் உன் வீட்டுக் குசினி மேசை, பின்னேரம் எங்கள் தோட்டத்து லயத்து அறை. துணிக்கடைப் பைக்குள் கணினியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் தொங்கினோம். ஒரு கிழவர் கைப்பிள்ளை என்று நினைத்து உனக்கு இடம்விட்டார். நீயும் கூசாமல் உட்கார்ந்து, பையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாய்.

முதலில் நீ கற்றுத்தந்தது பி-டபிள்யூ-டி. கறுப்புத் திரையில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்கும் கட்டளை. "எங்க நிக்கிற எண்டு பாக்காம ஒண்டையும் அடிக்காத" என்பது உன் முதல் சட்டம். பிறகு எல்-எஸ், அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு உள்ளே போவது, வெளியே வருவது, பதிவுகளின் கடைசி வரிகளை வாசிப்பது. இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டினால் மணிக்கட்டில் அடிப்பாய். விரல் படிக்க வேண்டும் என்பாய். ஒரு நாள் ஹூ-ஆம்-ஐ என்று அடிக்கச் சொன்னாய். நான் யார் என்று கேட்டால் அது உன் பெயரைச் சொன்னது. "பாத்தியா, நீ என்ன அடிச்சாலும் இங்க அது நான்தான்" என்றாய். அன்றைக்குச் சிரித்தோம்.

கோப்புகளின் அனுமதியை விளக்கியதுதான் மறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள். சொந்தக்காரர், அவருடைய கூட்டத்தார், மற்றவர்கள். ஒவ்வொருவரும் வாசிக்கலாமா, எழுதலாமா, ஓடவிடலாமா என்று மூன்று எழுத்துகளில் தனித்தனியாக எழுதிவைக்கலாம். எனக்கு அது பிடிபடவே இல்லை. நீ பொறுமை இழந்து, அந்தக் கந்தோரையே எடுத்துக்கொள் என்றாய். மனேஜர் சொந்தக்காரர். அவர் எடுத்த ஆட்கள் கூட்டத்தார். "நான் மூணாவது. வாசல்ல நிண்டு வாசிக்கலாம், உள்ளுக்குப் போய் எழுத ஏலாது. இப்ப வெளங்கிச்சா?" விளங்கியது. இன்றுவரை அந்த மூன்று எழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாதி திறந்த கதவுதான் தெரிகிறது.

நோன்பு காலமும் அதுதான். நாக்கு வறண்டு கிடந்தாலும் உன் ஏச்சு வறளவில்லை. ஒரு பின்னேரம் எங்கள் அறையில் இருந்தாய். அம்மா வாசலில் நின்று கீழே பள்ளிவாசலின் பாங்கு கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். "சொல்லியாச்சு, தண்ணியக் குடிம்மா, அப்புறம் அவளத் திட்டலாம்" என்று உன்னைக் கூப்பிட்டார். நீ பையில் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தாய். விறகடுப்பில் சுட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டாய். உன் நானாவுக்கு அன்றைக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. உன் வாப்பா போனில் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசினார், பிள்ளை அங்கேயே தங்கட்டும் என்றார். அவ்வளவுதான். ஒரு லயத்து வீட்டில் மகள் தங்குவதற்கு இரண்டு வார்த்தையில் சம்மதித்த மனிதரைப் பற்றித்தான், வீட்டில் விடுவார்களா என்று அந்த ஆள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

உன் இன்னொரு சட்டம் கணினியை அணைப்பது பற்றியது. பற்றரி இல்லாத மெஷின், கரண்ட் திடீரென்று போனால் கோப்பு கெட்டுவிடும். ஒரு தரம் கெட்டு, முழுவதையும் திரும்பப் போட வேண்டி வந்தது. "கரண்ட் நம்மள அணைக்கப்படாது. நாமளே அணைக்கணும்." வகுப்பில் அதற்கு அடையாளம் இருந்தது. கீழே துணிக்கடைக்காரர் கரண்ட் போவதற்குச் சற்று முன்பே ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சூடாக்குவார். இருமல், உறுமல், டீசல் வாசம். வாசம் வந்ததும் நீ மேசையில் தட்டுவாய். நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஷட்டவுன் கட்டளையை அடிக்க வேண்டும். சில நாளில் நீ தட்டவே தேவைப்படவில்லை. மூக்கு சொன்னால் விரல் செய்தது. நீ திருப்தியாகத் தலையாட்டுவாய். உன்னிடம் கிடைத்த ஒரே பாராட்டு அது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதல் கிழமை முழுக்க நீ சொல்லித்தந்ததை வைத்தே ஓடியது. ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் மனதுக்குள் உன்னுடைய குரலில் பதில் வரும், அதை அப்படியே சொல்வேன். கெட்டிக்காரி என்றார்கள்.

அந்தக் கிழமையிலேயே இன்னொன்றும் தெரிந்தது. இருட்டின பிறகு வேலை முடிகிறவர்களைக் கந்தோர் வேனில் வீட்டில் விடுகிறார்கள். முதல் தரம் நான் ஏறியபோது வேன் ஹந்தானைக்கு வரவில்லை. முதலில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போய், வத்தேகமப் பாதையில் ஏறி, அங்கே ஒருவரை இறக்கிவிட்டுத்தான் திரும்பியது. உங்கள் வீட்டு கேட்டைத் தாண்டிப் போனோம். முன் அறையில் லைட் எரிந்தது. எனக்கு வேனை நிறுத்தி இறங்கி, கேட்டில் அடித்துக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. நான் இறங்கவில்லை. மறுநாள் காலை வகுப்புக்கு ஓடிவந்து, படியிலேயே வைத்து உன்னிடம் சொன்னேன். வேன் இருக்கிறதடி, உன் வாசலால்தான் போகிறது, அவருக்குத் தெரியும்தானே, தெரிந்துகொண்டுதானே கேட்டிருக்கிறார்.

நீ கையில் இருந்த சுண்ணக்கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு ஆச்சரியமே இல்லை.

"வேன் வெளியில நிண்டிச்சி. போற வழி எல்லாம் கண்ணாடில எழுதி ஈந்திச்சி. நான் வாசிச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போன. அவங்க கேட்டது பஸ்ஸப் பத்தி இல்லடி."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாய். நான் படியிலேயே நின்றேன். துணிக்கடையில் பெருநாள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பின்னேரம் நான் எங்கோ தூர நாட்டில் பூ விற்கிற ஒரு கடையின் சேர்வருக்குள் இருந்து பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வெட்டும் நேரம் நெருங்கியது. கந்தோரின் காவலாளி கீழே போய் ஜெனரேட்டரை ஓடவிட்டார். இருமல், உறுமல், டீசல் வாசம். என் விரல்கள் தம் வேலையைச் செய்தன. ஷட்டவுன். அடித்த பிறகுதான் பார்த்தேன். நான் நிறுத்தியது என் முன்னால் இருந்த கணினியை அல்ல, அந்தப் பூக்கடையை. திரை உறைந்து நின்றது. சேர்வரை இங்கிருந்து திரும்பப் போட முடியாது, அங்கே உள்ளவர்கள்தான் எழும்பிப் போய் பவர் ஆளியை அழுத்த வேண்டும், அவர்களுக்கு உடனே ஒரு செய்தி அனுப்பினேன்.

வேறு எந்த ஊர்க்காரரும் இப்படி ஒரு பிழையை விட்டிருக்க மாட்டார்கள். டீசல் மணத்துக்கு சேர்வரை அணைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. வேலை போனால் அம்மா அந்த முழங்காலோடு இன்னும் எத்தனை வருடம் மலை ஏறுவார் என்பதுதான் தலைக்குள் ஓடியது. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உனக்குப் போன் அடித்தேன். நான் அழ, நீ ஏசினாய்.

"அழுது முடிச்சிட்டியா? எந்த சேர்வர்ல அடிச்ச? ஆருக்கும் தெரியுமா? சரி. அவங்க கண்டுபிடிக்க முந்தி நீ போய் செல்லு. செல்ல முந்தி எழுது. மன்னிப்பு கேட்டுத் தொடங்காத. நடந்தத எழுது."

நீ ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல நான் போனில் தட்டினேன். இந்தக் கட்டளையை இந்த சேர்வரில் அடித்தேன். என் கணினியில் அடிப்பதாக நினைத்தேன். இன்ன கடையின் தளம் நின்றது. திரும்பப் போடும்படி அங்குள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இனி அணைக்கும் கட்டளைக்கு முன் சேர்வரின் பெயரைக் கேட்டுப் பார்ப்பேன். கடைசி வசனத்தை மட்டும் இரண்டு தரம் மாற்றிச் சொன்னாய். கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்று வெட்டினாய்.

மனேஜர் வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பூக்கடை அதற்குள் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. பிழை விடாதவர் யார், ஆனால் பிழையை இவ்வளவு தெளிவாக எழுதுகிறவரை நான் இங்கே கண்டதில்லை என்றார். தலைப்பை மாற்றி, பெயரை எடுத்துவிட்டு, மாதிரி அறிக்கை என்று பொதுக் கோப்பில் போட்டுவைத்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டினார்கள். எனக்கு மிஞ்சியது, டீசல் வாசம் வந்தால் கையைத் தூக்கிக்கொள்ளும் பழக்கம். உன்னிடம் சொன்னபோது முதலில் அதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னாய். பிறகு, "என்னைய எடுக்கல்ல, ஆனா வேல வாங்குறாங்க" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். இருந்தது களைப்பு.

ஒரு வருடம் கழித்து அங்கே இன்னோர் இடம் காலியானது. ஓடிவந்து சொன்னேன். நான் சொல்கிறேன், நான் கதைக்கிறேன், இந்தத் தரம் கட்டாயம் எடுப்பார்கள் என்றேன். நீ எக்செல் தாள்களைத் திருத்திக்கொண்டே தலையை ஆட்டினாய். அந்தக் கேள்விக்கு ஒரு தரம் பதில் சொன்னது போதும் என்றாய். எவ்வளவோ கெஞ்சினேன். உன் பிடிவாதத்தில் எனக்கு இன்றும் கோபம். உனக்குத்தான் நியாயம் இருந்தது, தெரியும். நியாயம் இருந்ததால் கோபம் குறைந்துவிடுமா?

அதைவிடப் பெரிய கோபம் அந்தக் காய்ச்சலில். மழை விட்ட காலம், ஊரெல்லாம் டெங்கு. போனில் கேட்டதற்கு, சும்மா காய்ச்சல், பனடோல் போட்டேன் என்றாய். வகுப்பில் இருந்துதான் பேசினாய். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லாத இடத்தில் காய்ச்சலோடு நின்று எக்செல் சொல்லிக்கொடுத்தாய். காய்ச்சல் விட்டதும் நல்லாகிவிட்டது என்று நினைத்தாய். காய்ச்சல் விட்ட பிறகுதான் அது ஆளைக் கொல்லும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். என் கந்தோரில் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு. இரத்தம் பார்க்கும் காசையும் அவர்களே கொடுக்கிறார்கள். நீ அந்தக் கதிரையில் இருந்திருந்தால் முதல் நாளே வீட்டில் படுத்திருப்பாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், விதி, அல்லாஹ்வின் நாட்டம், கடவுள் சித்தம் என்று ஆளுக்கொன்று சொல்லி என் வாயை அடைப்பார்கள். உனக்குச் சொல்கிறேன். உன் உம்மா சொல்வது போல அது எழுதப்பட்டதாகவே இருக்கட்டும். எழுதும்போது ஒரு மனேஜரும் ஒரு வகுப்பு முதலாளியும் பேனையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மையித்து வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது உன் உம்மா என் கையை விடவில்லை. இவள்தான் அந்தக் கந்தோர்ப் பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். "ஒன்னப் பத்தித்தான் பேச்சி. என்ட கூட்டாளி அங்க பெரிய வேல செய்ற எண்டு எல்லாருக்கும் செல்லுவா" என்றார். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது.

சில கிழமைக்குப் பிறகு உன் நானா அந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மகனின் படிப்புக்கு வேண்டுமாம், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து வின்டோஸ் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கடவுச்சொல் எனக்குத் தெரியும் என்று நீ எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறாய். நல்ல மனிதர், அவரிடம் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. டவுனில் எத்தனையோ கடை இருக்கிறது நானா, என்னால் ஏலாது என்றேன். அவர் விளங்குது தங்கச்சி என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. நான் அந்தக் கந்தோரில் மூத்தவர்களில் ஒருத்தி. போன கிழமை புதிதாக எடுத்தவர்களுக்கு விளக்கக் கூட்டம் நடந்தது. அதே மனேஜர், தலை மட்டும் நரைத்துவிட்டது. அந்த மாதிரி அறிக்கையைச் சுவரில் பெரிதாகக் காட்டி, பிழை விட்டால் இப்படி எழுதப் பழகுங்கள் என்றார். எழுதியவர் இங்கேயே இருக்கிறார் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். நான் எழும்பினேன். நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் எழும்பினேன்.

இது என் வசனம் இல்லை என்றேன். என் கூட்டாளி சொல்லச் சொல்லத் தட்டினது. அவரும் இங்கே நேர்முகத்துக்கு வந்தவர். உன் பெயரைச் சொன்னேன். மனேஜர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அப்படி ஒருவர் வந்த ஞாபகம் இல்லையே என்றார்.

"வந்தாங்க, சேர். எனக்கு முந்தி உள்ள போனாங்க. கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க."

"அப்ப ஏன் நாங்க எடுக்கல்ல?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார், வேறு யாரோ செய்த முட்டாள்தனத்தைப் பற்றிக் கேட்பது போல.

"இருட்டினா எப்படி வீட்டுக்குப் போவீங்கன்னு கேட்டீங்க, சேர். நம்ம வேன் அவங்க வாசலாலதான் போகுது."

அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் போடச் சொன்னார். எனக்கு நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால், இவ்வளவு நாள் எடுத்ததா என்று கேட்டிருப்பாய்.

மறுநாள் காலையில் பொதுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த அறிக்கையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இணையத்தில் எங்கோ எடுத்த வேறொரு மாதிரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறது. உன் பெயர் ஒரு நாளும் அங்கே இருந்ததில்லை. இப்போது உன் வசனங்களும் இல்லை. ஆறு வசனம். எனக்கு மனப்பாடம்.